எட்டு இடத்துக்கு ஒன்பது பேர்: அலபாமா ஒரு தொகுதியை இழந்தபோது யார் இழந்தார்கள்?

தொகுதி மறுவரையறை என்ற பேச்சு எழுந்தாலே நம் ஊர் விவாதம் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது. நம் மாநிலத்துக்கு எத்தனை இடம் குறையும்? இந்தக் கவலை நியாயமானது. 1962இல் மக்களவைக்கு 41 பேரை அனுப்பிய சென்னை மாநிலம் 1967இல் 39 பேரைத்தான் அனுப்ப முடிந்தது. அந்த இரண்டு இடங்கள் திரும்பி வரவே இல்லை.

ஆனால் எங்கள் மாலை வகுப்பில் ஒரு மாணவி வேறு கேள்வி கேட்டார். "மாநிலத்துக்கு ஓர் இடம் போனால், மாநிலத்துக்குள்ளே அது யாருக்குப் போகும் அக்கா?" அவர் ஊரில் வார்டு எல்லையை மாற்றியபோது காலனியின் ஒரு தெரு ஒரு வார்டிலும் அடுத்த தெரு இன்னொரு வார்டிலும் போய்ச் சேர்ந்தது. முன்பு காலனி மக்கள் ஒரே வார்டில் பெரும்பான்மை. இப்போது இரண்டு வார்டிலும் சிறுபான்மை. ஒரு வாக்குகூடப் பறிக்கப்படவில்லை. எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. காலனியிலிருந்து ஜெயித்து வர மட்டும் யாராலும் முடியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலம். காலம் 1962. இந்த வரலாற்றை நம் தோழர்கள் படித்து வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

எண்ணிக்கையில் உண்டு, வாக்கில் இல்லை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் இந்த 435 இடங்களையும் மாநிலங்களுக்குள் மறுபடி பங்கிடுவார்கள். ஒரு மாநிலம் முன்பைவிட வளர்ந்திருந்தாலும், மற்ற மாநிலங்கள் அதைவிட வேகமாக வளர்ந்திருந்தால் இடம் குறையும். 1950க்கும் 1960க்கும் இடையில் அமெரிக்காவின் மக்கள்தொகை 18 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அலபாமா 7 சதவீதம்கூட வளரவில்லை. அதனால் அதன் இடங்கள் ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைந்தன. அதே கணக்கில் கலிஃபோர்னியாவுக்கு எட்டு இடங்கள் கூடின.

அலபாமா ஏன் வளரவில்லை? பல காரணங்களில் ஒன்று, கறுப்பின மக்கள் அந்த மண்ணை விட்டு வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். பருத்திக் காட்டுக் குத்தகைக் கடனும் கும்பல் கொலையும் தனிப் பள்ளிக்கூடமும் தனிக் குழாயும் தாங்காமல் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயில் ஏறினார்கள். சொந்த மக்களை வாழவிடாமல் துரத்திய மாநிலம், அவர்கள் போனதால் தன் இடத்தையும் இழந்தது. ஆனால் அந்த இழப்பைப் பற்றி 1961, 62இல் மாநிலச் சட்டமன்றத்தில் பேசியவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட அங்கே இல்லை.

1960இல் அலபாமாவின் மக்கள்தொகை சுமார் 32 லட்சத்து 67 ஆயிரம். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் கறுப்பின மக்கள். எட்டு இடங்களுக்கு வகுத்தால் ஓர் இடத்துக்குச் சுமார் 4 லட்சம் பேர். அதாவது எட்டில் இரண்டுக்கு மேற்பட்ட இடங்கள் கறுப்பின மக்களின் தலைகளை எண்ணியதால் அந்த மாநிலத்துக்குக் கிடைத்தவை. அந்தத் தலைகளுக்கு வாக்கு இருந்ததா?

1901இல் எழுதப்பட்ட மாநில அரசியல் சட்டத்தின் நோக்கமே அதைத் தடுப்பதுதான். சட்டத்துக்கு உட்பட்டே வெள்ளை மேலாதிக்கத்தை நிறுவுவதுதான் வேலை என்று அந்த மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் வெளிப்படையாகவே பேசினார். வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டும். எழுத்தறிவுத் தேர்வு எழுத வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். செல்மா நகரம் உள்ள டல்லஸ் கவுன்டியில் பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டு திங்கட்கிழமைகள் மட்டும் திறந்திருந்தது. அங்கே வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பட்டியலில் இருந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. பக்கத்து லவுன்ஸ் கவுன்டியில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கம் வரை அங்கே ஒரு கறுப்பின வாக்காளர்கூட இல்லை.

இப்படிச் செய்யும் மாநிலத்தைத் தண்டிக்க அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே வழி இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த 14ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, குடிமக்களின் வாக்கை மறுக்கும் மாநிலத்துக்கு அந்த விகிதத்தில் இடங்களைக் குறைக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவு ஒருமுறைகூட அமல்படுத்தப்படவில்லை. ஏட்டில் இருக்கும் உரிமைக்கும் நடப்பில் இருக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் நமக்குப் புதிதல்ல.

மாநிலச் சட்டமன்றத்துக்குள் நடந்தது இதைவிட வேடிக்கை. பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகளைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் எழுதிய சட்டமே சொன்னது. 1901க்குப் பிறகு அறுபது ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. 15,417 பேர் வாழும் லவுன்ஸ் கவுன்டிக்கு மாநில செனட்டில் ஓர் உறுப்பினர். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும், பர்மிங்காம் நகரம் உள்ள ஜெஃபர்சன் கவுன்டிக்கும் ஓர் உறுப்பினர். லவுன்ஸில் வாக்களித்தவர்கள் ஒரு சிறு வெள்ளை நிலவுடைமைக் கூட்டம். கூலி மக்களின் எண்ணிக்கையைத் தன் எண்ணிக்கையாகக் காட்டி, அவர்கள் வாயைக் கட்டிப்போட்டு, மாநிலத்தையே ஆண்ட கூட்டம் இது.

ஒன்பது பேரில் ஒருவரைக் கழிப்பது

எட்டு இடங்களுக்குப் புது வரைபடம் வரைய வேண்டும் என்றால், ஒன்பது உறுப்பினர்களில் ஒருவரின் தொகுதியை அழிக்க வேண்டும். யாருடையதை? சட்டமன்றத்தால் முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் வரைபடமே வேண்டாம் என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்பது–எட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர்.

திட்டம் இதுதான். பழைய ஒன்பது தொகுதிகளிலும் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தல் நடக்கும். தொகுதிக்கு ஒருவர் வெல்வார். பிறகு அந்த ஒன்பது பேரும் மாநிலம் முழுவதும் சேர்ந்து நடக்கும் இரண்டாம் சுற்றில் நிற்பார்கள். கடைசியில் வருபவர் வெளியே போவார். மீதி எட்டுப் பேர் பொதுத்தேர்தலில் மாநிலம் முழுவதற்குமான வேட்பாளர்கள். அன்றைய அலபாமாவில் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் வென்றால் பெரும்பாலும் ஜெயித்த மாதிரிதான்.

1962இல் கழிக்கப்பட்டவர் ஃபிராங்க் பாய்கின். மொபைல் துறைமுகப் பகுதியிலிருந்து 1935 முதல் உறுப்பினராக இருந்தவர். சொந்தத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது, மாநிலம் அவரைத் தள்ளியது. அவரும் இனப் பிரிவினையை ஆதரித்தவர்தான், அவருக்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பகுதி மக்கள் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்தவரை, அந்தப் பகுதியோடு தொடர்பே இல்லாத பெரும்பான்மை நிராகரிக்க முடியும் என்ற அனுபவத்தை மொபைல் வெள்ளையர்கள் ஒருமுறை பெற்றார்கள். கறுப்பின மக்களுக்கு அது அன்றாட நிலை.

எட்டு இடங்களையும் ஜனநாயகக் கட்சியே வென்றது. அதே தேர்தலில்தான் ஜார்ஜ் வாலஸ் ஆளுநரானார். இனப் பிரிவினை என்றென்றைக்கும் நிலைக்கும் என்று பதவியேற்பு உரையில் முழங்கியவர் அவர்.

1964இல் இதே திட்டம் மறுபடியும். இந்த முறை கழிக்கப்பட்டவர் கார்ல் எலியட். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வாக்கர் கவுன்டிக்காரர். லட்சக்கணக்கான ஏழை மாணவர்கள் கல்லூரிக்குப் போகக் கடன் கொடுத்த 1958ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். கிராமப்புற நூலகங்களுக்கு நிதி தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1961இல், முற்போக்கு மசோதாக்களை முடக்கிவந்த சபை விதிக் குழுவை விரிவாக்கியபோது, புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். வாலஸ் தரப்புக்கு அவர் ஆகாதவர். சொந்தத் தொகுதியில் வென்ற அவரை மாநிலம் தழுவிய சுற்று வீட்டுக்கு அனுப்பியது.

எலியட்டைப் புனிதராக்க வேண்டாம். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்து 1956இல் வெளியான தென்மாநில அறிக்கையில் அலபாமாவின் ஒன்பது பிரதிநிதிகளும் கையெழுத்திட்டார்கள், எலியட் உள்பட. அங்கே மிதவாதி என்றால் அவ்வளவுதான். அந்த அளவுக்குக்கூட இடமில்லை என்பதைத்தான் ஒன்பது–எட்டுத் திட்டம் காட்டியது. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினால், யார் அதிகம் வெறுப்பைக் கிளறுகிறாரோ அவருக்குத்தான் லாபம். ஒரு மூலையில் இருக்கும் மாற்றுக் குரல் முதலில் அடிபடும். பக்கத்து மிசிசிப்பியும் அதே ஆண்டுகளில் ஓர் இடத்தை இழந்தது. அங்கே இரண்டு உறுப்பினர்களை ஒரே தொகுதியில் மோதவிட்டார்கள். 1962இல் தோற்றவர் மிதவாதியான ஃபிராங்க் ஸ்மித்.

பின்னர் நீதிமன்றம் தலையிட்டது. நாடாளுமன்றத் தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964 பிப்ரவரியில் வெஸ்பெரி வழக்கிலும், மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கும் அதுவே விதி என்று அதே ஆண்டு ஜூனில் அலபாமாவிலிருந்தே எழுந்த ரெனால்ட்ஸ்–சிம்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலபாமா வேறு வழியில்லாமல் எட்டுத் தொகுதிகளை வரைந்தது. அந்த நவம்பரில் எட்டில் ஐந்தைக் குடியரசுக் கட்சி வென்றது. குடிமை உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. வெள்ளை வாக்காளர்களின் கோபம் கட்சி மாறியது. கறுப்பின மக்களின் நிலை மாறவில்லை. அந்த ஆண்டில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் அவர்களில் சுமார் 19 சதவீதம் மட்டுமே. ஒருவருக்கு ஒரு வாக்கு என்று தீர்ப்பு வந்துவிட்டது. அந்த 'ஒருவர்' யார் என்பது இன்னும் தீரவில்லை.

வரைபடத்தைப் படித்த சமூகவியல் ஆசிரியர்

இந்தக் கதையில் நமக்குப் பிடித்த மனிதர் சார்லஸ் கோமிலியன். டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் சமூகவியல் ஆசிரியர். அந்த ஊரில் படித்த கறுப்பின மக்கள் அதிகம். எத்தனை தடை போட்டாலும் அதைத் தாண்டி நூற்றுக்கணக்கானோர் வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள். உடனே 1957இல் சட்டமன்றம் நகர எல்லையை மாற்றியது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கங்கள் கொண்ட விநோத வடிவமானது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் நகரத்துக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை.

கோமிலியனும் தோழர்களும் இரண்டு வேலை செய்தார்கள். ஊரின் வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை மக்கள் நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம் வழக்கு. 1960 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. வரைபடத்தில் கோடு போடுவதும் வாக்குரிமையைப் பறிக்கும் செயலாக இருக்க முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றது. கோமிலியன் நமக்குக் கற்றுத்தருவது இதைத்தான்: ஒரு கோட்டைப் பார்த்தால், அதற்கு உள்ளே யார், வெளியே யார் என்று எண்ணிப் பார்.

1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் ரத்தம் சிந்திய பிறகு, ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அலபாமா கறுப்பின மக்களில் பாதிக்கு மேல் பட்டியலில் ஏறினார்கள். ஒரு வாக்காளர்கூட இல்லாதிருந்த லவுன்ஸில் 1966இல் சொந்தக் கட்சி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் வேண்டும் என்பது அலபாமா சட்டம். அவர்கள் எடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. அந்தப் பெயரைத்தான் பிறகு ஓக்லண்ட் இளைஞர்கள் எடுத்தார்கள். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்த அலை நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம் சுவர்களில் இருக்கும் சிறுத்தையின் பூர்வீகத்தில் வாக்குச்சீட்டில் இடம் கேட்ட அந்தச் சின்னக் கவுன்டியும் உண்டு.

ஆனாலும் அலபாமாவிலிருந்து ஒரு கறுப்பினத்தவர் நாடாளுமன்றம் போக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏர்ல் ஹில்லியர்ட் வென்றபோது, முந்தைய கறுப்பின உறுப்பினர் பதவி முடிந்து 115 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வென்றது கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி வரையப்பட்ட தொகுதியில். மக்கள்தொகையில் கால் பங்குக்கு மேல் இருந்தும் ஏழில் ஒரு தொகுதிதான். 2023இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024இல் இரண்டாவது தொகுதியிலும் கறுப்பினத்தவர் ஒருவர் வென்றார். அவர் பெயர் ஷோமாரி ஃபிகர்ஸ். ஊர், 1962இல் உறுப்பினரை இழந்த அதே மொபைல்.

நமக்கு இதில் என்ன?

ஒன்பது–எட்டுத் திட்டத்தை முதலில் படித்தபோது எங்களுக்குப் பூனா ஒப்பந்தம்தான் நினைவுக்கு வந்தது. 1932 ஒப்பந்தப்படி தனித்தொகுதியில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் நம் மக்களிடம் முதலில் வந்தவர் இரண்டாம் சுற்றில் தோற்கலாம், நான்காவதாக வந்தவர் ஜெயிக்கலாம். பின்னாளில் அந்த முதல் சுற்றும் போனது. இரண்டும் ஒன்றல்ல. அலபாமாவில் இரண்டு சுற்றும் வெள்ளையர் கையில் இருந்தன. ஆனால் கடைசிச் சொல் யாருடையது என்ற கேள்வி ஒன்றுதான். அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் தனி வாக்காளர் தொகுதியை மறுபடியும் கேட்டது இதனால்தான். 1952இல் பம்பாயின் இரட்டை உறுப்பினர் தொகுதியில் அவரே தோற்கடிக்கப்பட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை அவர் உற்றுக் கவனித்தவர். அவர்கள் ஐ.நா.வுக்கு அனுப்பும் மனுவின் நகல் வேண்டும் என்று 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இரட்டை உறுப்பினர் தொகுதிகளின் முடிவும் சுவையானது. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் பொது இடம், பழங்குடி இடம் இரண்டையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி. வழக்குப் போட்டார். அதிக வாக்கு வாங்கிய பழங்குடி வேட்பாளர் பொது இடத்தில் வென்றது செல்லும் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது. வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால் நம்மவர்கள் பொது இடத்தில் வெல்லத் தொடங்கிய பிறகு விதி மாறியது என்ற வரிசையை நாம் மறக்கக் கூடாது.

அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். மாநிலம் இடம் இழந்தால், எல்லையை வரையும் மேசையில் இல்லாதவர்கள்தான் முதலில் இழப்பார்கள். பட்டியல் சாதியினருக்கான இடங்களின் எண்ணிக்கையை மக்கள்தொகை விகிதம் தீர்மானிக்கும். அதற்கு அரசியல் சட்டத்தில் காப்பு இருக்கிறது. ஆனால் எந்தத் தொகுதி தனித்தொகுதி, அதன் எல்லை எது, காலனிகள் ஒரே தொகுதியில் சேர்கின்றனவா சிதறுகின்றனவா என்பதெல்லாம் கோடு போடுபவர் கையில். 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம், பட்டியல் சாதி மக்கள் ஒப்பீட்டளவில் அதிகம் உள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவலாகத் தனித்தொகுதிகளை அமைக்கச் சொல்கிறது. வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், பொது அமர்வு நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆணையத்தின் இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். எனவே பேச வேண்டிய நேரம் வரைவு வந்த அந்தச் சில வாரங்கள்.

அதற்கு இப்போதே ஆயத்தமாக வேண்டும் தோழர்களே. உங்கள் ஒன்றியத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் சாதி மக்கள்தொகை எவ்வளவு என்று கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுங்கள். சட்டமன்றத் தொகுதி வரைபடத்தில் காலனிகளைப் புள்ளி வையுங்கள். எந்தக் கோடு எந்தச் சேரியை வெட்டுகிறது என்று பாருங்கள். உள்ளாட்சி வார்டு பிரிக்கும்போதே ஆட்சேபம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிப் பழகுங்கள்.

மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் கூட்டத்தில் நாமும் நிற்போம், நிற்க வேண்டும். ஆனால் லவுன்ஸ் கவுன்டி மக்களைப் போல எண்ணிக்கைக்கு மட்டும் நிற்கக் கூடாது. அந்த மாணவி இப்போது தன் ஊராட்சியின் வார்டு வரைபடத்தைச் சார்ட் தாளில் வரைந்துகொண்டிருக்கிறார். காலனியின் இரண்டு தெருக்களுக்கும் நடுவே போகும் கோட்டைச் சிவப்புப் பேனாவால் போட்டிருக்கிறார். அதற்கு உள்ளே எத்தனை வீடு, வெளியே எத்தனை வீடு என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து எண்ணப் போகிறோம்.